எழுத்து 3243

குன்னூரில் மின்சாரம் போய் நாலு மணி நேரம்.
ஃப்ரீசர் கதவைத் திறக்காதே என்று
இருட்டில் ஜூலியஸிடம் கத்துகிறேன்.
உள்ளே என் இருபத்திரண்டு வருடம்,
அரிசிமணி அளவு தசைத் துணுக்குகளாய்.

ஒன்று போஜராஜுடையது.
கேத்தி ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடம் போவதற்குள்
மூன்று இடத்தில் உட்காருவான்.
சோம்பேறி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நுண்ணோக்கியில் இழைகள் கந்தலாய்ச் சிவந்திருந்தன.
மைட்டோகாண்ட்ரியாவின் வட்டத்தில்
ஓர் எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான்.
அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.
அதை எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

தாய்வழியாக மட்டுமே வரும் என்பதை
வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுச் சொல்லிவிடலாம்.
மாசி, கேரட் தோட்டத்து மண் போகாத நகங்களைப் பார்த்தபடி
கேட்டாள்:
“அப்ப, நான் குடுத்ததா?”

உனக்கு உன் அம்மா, அவளுக்கு அவள் அம்மா என்று
நான் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.
அவள் அந்தக் கேள்வியிலேயே நின்றாள்.

விளக்கு வந்தது.
கம்ப்ரசர் ஒருமுறை திணறி
மூச்சு வாங்கத் தொடங்குகிறது.
மைனஸ் அறுபத்தொன்று,
நோட்டில் குறிக்கிறான் ஜூலியஸ்.
கெடவில்லை எதுவும்.
உள்ளே போஜராஜுக்கு
இன்னும் பதினாலு வயது.