பதின்மூன்று புள்ளி மூன்று

எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பது
என் இடது கட்டைவிரலில் கறுப்பாக எழுதியிருக்கிறது.

ஒப்புவோ. காலை ஏழு.
பணிமனைத் தகரம் இப்போதே முறுகுகிறது.
லேண்ட் குரூசர் வாயைப் பிளந்து நிற்க
ரிகம்புரா மூச்சைப் பிடித்துக்கொண்டு
புதியதைத் தூக்கி வருகிறான்.
நூற்றைந்து ஆம்பியர். சாம்பல் நிறம்.
கைக்குழந்தையை இறக்குகிற மாதிரி
ரப்பர் பாய்மேல் இறக்கிவிட்டு
குழந்தையைத் திட்டாத வார்த்தையால் திட்டுகிறான்.

துறைக்கு நான் எழுதிய கடிதம் இது:
"குளிர்பெட்டி இரவெல்லாம் இழுத்ததால்
வண்டியின் பேட்டரி முற்றிலும் தீர்ந்தது.
இரண்டாவது பேட்டரி அவசியம்."
முத்திரை, கையெழுத்து, மூன்று பிரதி.

இழுத்தது குளிர்பெட்டி மட்டும் இல்லை.

ஆகஸ்டில், புர்ரோஸுக்கு இப்பால்,
ஹோவாருசிப் ஆற்றின் உலர்ந்த மணலில்
ஹெட்விக் கூடாரத்துக்குள் தூங்கிய பிறகு
நான் சாவியை ஒரு படி மட்டும் திருப்பினேன்.
ரேடியோவில் விண்ட்ஹுக் மைதானம்.
காற்று வந்தால் ஆட்டம் போய்விடும்
காற்று நின்றால் திரும்பி வரும்.
ஹெட்லைட்டையும் போட்டிருந்தேன் கொஞ்ச நேரம்,
யானை வருகிறதா என்று பார்க்க.
யானை வரவில்லை.

விடிந்ததும் சாவிக்கு
"டிக்" என்று ஒரே ஒரு பதில்.

இரண்டு நாள்.
வெறிநாய்க்கடித் தடுப்பூசி இருநூற்று நாற்பது குப்பி
முப்பத்தொரு டிகிரியில் வெந்தது.
ஹெட்விக் ஒவ்வொன்றின் எண்ணையும்
நோட்டில் எழுதினாள், ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டாள்.
மாட்டுப்பட்டிகளில் நாய்களைக் கயிற்றில் கட்டி
நமக்காகக் காத்திருப்பார்கள் என்று
ஒரு தடவைதான் சொன்னாள்.
நான் குளிர்பெட்டியை உதைத்தேன்,
சாட்சிக்கு ஆள் வேண்டுமே.

இப்போது கேபிள்.
விரல் தடிமன், சிவப்பு.
இரு முனையிலும் ஃபியூஸ், பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி.
தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம்;
இந்த ஊர்ச் சாலை பல்லை ஆட்டும்,
நாளெல்லாம் ஆடினால் ஒயரின் தோல் உரியும்.
எர்த் கொடுக்கும் இடத்தில்
பெயின்ட்டைச் சுரண்டு, இன்னும் சுரண்டு,
இரும்பு வெள்ளையாகச் சிரிக்கும்வரை.

நடுவில் ரிலே. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
எஞ்சின் ஓடி, முதலாவதன் வயிறு நிறைந்து
பதின்மூன்று புள்ளி மூன்று வோல்ட் வந்தால்
"டக்" என்று கதவைத் திறக்கும்.
பன்னிரண்டு புள்ளி எட்டுக்கு இறங்கினால் சாத்திவிடும்.
அதற்குப் பிறகு இதன் பசி
அதன் பானைக்குள் கை விடாது.
"என் மச்சினன்களுக்கு இப்படி ஒன்று கிடைக்குமா?"
ரிகம்புரா கேட்கிறான். நிஜமாகவே விலை கேட்கிறான்.

மதியம் ஹெட்விக் வந்தாள்.
குனிந்து ஒவ்வொரு நட்டையும் அசைத்துப் பார்த்தாள்.
குளிர்பெட்டியைத் திறந்து
வெப்பமானியை இரண்டு தடவை படித்தாள்.
நான்கு டிகிரி.
ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.
மூன்று பேரும் அந்த "டக்"குக்காகக் காத்திருந்தோம்.
வந்தது.

"ரேடியோவை எதில் கொடுத்திருக்கிறாய்?"
"எப்போதும்போல, முதலாவதில்."
"நல்லது. அது தீர்ந்தால் நீ நடப்பாய்.
மருந்து குளிராகவே இருக்கும்."

ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன்.
ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

பானெட்டைச் சாத்தும்போது கேட்டாள்,
என்னைப் பார்க்காமல்:
"ஆகஸ்டில் யார் ஜெயித்தார்கள்?"

யாரும் இல்லை என்றேன்.
கடைசிவரை ஒரு கோல்கூட விழவில்லை.