சட்டம் வேண்டாத படம்

முதன்முதலாக அந்தம்மா
லாங் பஜாரில் என் கடைக்கு வந்தபோது
சைக்கிள் கேரியரில் ஒரு கல்லீரல் இருந்தது.
காடாத்துணி சுற்றிய,
என் இடுப்புயரக் கல்லீரல்.
மிஷன் ஆஸ்பத்திரி வகுப்பறைக்கு வரைந்தது.
"கண்ணாடி போடாதே கவுஸ்,
கடைசி பெஞ்சுக்கு வெளிச்சம்தான் தெரியும்."

கனகாம்புஜம்.
ஆரணியில் பட்டுத்தறிக் குடும்பம்.
பெண்பார்க்க வந்தவர்கள் கூடத்தில் காத்திருக்க
உள்ளிருந்தபடியே
மாப்பிள்ளையின் அப்பாவை வரைந்தாராம்.
அச்சு அசலாக இருந்ததுதான் குற்றம்.
பஜ்ஜியைத் தொடாமல் எழுந்துபோனார்கள்.
அடுத்த மாதம் ஆரணி ரோடு ஸ்டேஷனில்
சென்னைக்கு ஒரு டிக்கெட்.
ஐந்து வருடம்
ஓவிய வகுப்பில் ஒரே பெண்.

இதையெல்லாம் அவர் சொன்னதில்லை.
ஊர் சொல்லும்,
சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

படத்தின் மூலையில் பெயர் மட்டும்.
"இனிஷியல் விட்டுப்போச்சே"
கண்காட்சிக் குமாஸ்தா பேனாவைத் தூக்கினார்.
"எங்கப்பா இந்தப் படத்தைப்
பார்த்ததுகூட இல்லையே" என்றார் இவர்.

வேலூருக்கு ஒரு வசவு உண்டு:
தண்ணியில்லாத ஆறு
மரமில்லாத மலை
ராஜா இல்லாத கோட்டை
சாமி இல்லாத கோயில்.
ஐந்தாவதாக ஒன்று,
எங்கள் பெண்களின் முகத்தைப் பற்றி.
அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

அந்தம்மா சிரிக்கவில்லை.
வரிசையாக வரைய ஆரம்பித்தார்.

சித்திரை வெயிலில்
நாய்கூட நிழலைவிட்டு நகராத நேரம்
பாலாற்று மணலில் குடைநட்டு உட்கார்ந்திருப்பார்.
பைத்தியம் என்றார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.
எனக்கு மணல், மணல் நிறத்தில் இருந்தது.
அவர் துணியில் அது
வெங்காயச் சருகாக,
நாவற்பழம் தின்ற நாக்காக,
நடுவே ஒரு கோடு மட்டும் நீலமாக.
ஆம்பூர்ப் பக்கத்துத் தோல்ஷாப்களிலிருந்து
இறங்கிவரும் அந்த நீலத்தை
அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

தோல்ஷாப் முதலாளி ஒருவரே
அந்தப் படத்துக்கு விலை கேட்டார்:
"அந்தக் கோட்டை எடுத்துட்டு
ஆறு நெறயத் தண்ணி காட்டுங்கம்மா,
ரெண்டு பங்கு தர்றேன்."
படத்தைத் திருப்பிச் சுவரோடு சாத்தினார் அந்தம்மா.
எனக்கு வரவேண்டிய பாக்கி அன்று பதினொரு ரூபாய்.
கோபம் வந்தது.
இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

விரல் மடங்கிப்போன கைகளை
ஆபரேஷனுக்கு முன், பின் என
இரண்டிரண்டாக வரைவது அவர் உத்தியோகம்.
மூன்றாவது ஒன்றைத் தனக்காக வரைவார்.
அதே கை
மல்லாட்டை உரிக்கும்,
பீடி பற்றவைக்கும்,
சீட்டாட்டத்தில் ஏமாற்றும்.

பிறகு ஒரு கார்த்திகையில்
ஆறு வந்தது.

பாலத்துக்கு ஓடினோம்,
நான் கடையைப் பூட்டக்கூட இல்லை.
அறுபத்தெட்டு வயதில்
பலகையும் பெட்டியுமாக எனக்கு முன்பே அங்கிருந்தார்.
காத்திருந்த தண்ணீர், இனிமேல்தானே வரைவார் என்று
எட்டிப் பார்த்தேன்.

ஆற்றுக்கு முதுகைக் காட்டி
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
எங்களை வரைந்துகொண்டிருந்தார்.
எங்களை என்றால்,
பெண்களை.
சிமெண்ட் கூடையை இறக்காமல் வந்தவள்,
டியூட்டி உடுப்போடு ஓடிவந்த நர்ஸ்,
புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டு
வாய்பிளந்து நிற்கும் என் பெரியம்மா மகள்.

"எந்த மரத்தில் போடட்டும்?" என்றேன்.
"இதுக்குச் சட்டம் வேண்டாம் கவுஸ்."
சட்டம் போட்டுப் பிழைப்பவனிடம்
சொல்கிற பேச்சா இது.
நாலு மூலைக்கும் நாலு பித்தளை ஆணி,
கூலி வாங்கவில்லை.

அவர் போய் ஒன்பது வருடம்.
கடைச் சுவரில் முப்பத்தோரு பெண்கள்
எனக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார்கள்.
செருப்பைக் கையில் பிடித்த ஒருத்தி மட்டும்
வெள்ளத்தைப் பார்க்காமல்
வரைகிறவரைப் பார்க்கிறாள்.
யாரென்று தெரியவில்லை,
விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

விலை கேட்டு வருகிறார்கள்.
இன்னும் காயவில்லை என்று
சொல்லி அனுப்பிவிடுகிறேன்.