ஆடு நின்ற நேரம்

இரண்டு சக்கரத்தில் நாலு பேர் வந்தோம்.
திருப்பூரிலிருந்து காங்கயம் தாண்டி
ஊதியூர் மலை தெரிகிற மட்டும்
பிரணேஷ் முன்னால் நின்றபடி,
சுபிக்ஷா நடுவில் நசுங்கியபடி.
இறங்கியதும் சிவப்பு பனியன் பையன் சொன்னான்:
"நாலு சக்கரத்துல ரெண்டு பேருதானுங்க ஏறோணும்.
ரூல்ஸுங்க."

பதினைந்து நிமிடம், அறுநூறு ரூபாய்.
கோகிலவாணி உதடு அசையாமல் கணக்குப் போட்டாள்.
நிமிடத்துக்கு நாற்பது.
பீஸுக்கு ஐம்பது பைசா அவளுக்கு.
"ஒரு நிமிசம் எம்பது டீ-சர்ட்டுங்க," என்றாள் என்னிடம்.
போனஸ் வந்த வாரம்
கணக்குப் பேசாதே என்றேன்.

கொறங்காட்டில் பழைய டயர்களைப் பாதி புதைத்துத்
தடம் போட்டிருந்தார்கள்.
கொழுக்கட்டைப் புல் மழித்த இடத்தில் செம்மண்,
வெள்வேல மரத்தில் 'அட்வென்ச்சர்' என்று ஒரு பலகை.
முதல் சுற்று நானும் பிரணேஷும்.
மூன்றாவது வளைவில் கிளுவை வேலிக்குள் விட்டேன்.
கையில் கீறல், கண்ணாடியில் பால்.
ஸ்டியரிங் கொஞ்சம் கோளாறு என்றேன்.
பையன் ஒன்றும் சொல்லவில்லை,
இதே வார்த்தையை
அன்றைக்கு எத்தனை அப்பாக்கள் சொன்னார்களோ.

அடுத்து சுபிக்ஷா என்று நினைத்தேன்.
அவளுக்கு வீடியோ போதுமாம்.
"அம்மா ஓட்டட்டும்."

கோகிலவாணி சைக்கிள்கூட விட்டதில்லை.
தலையிலிருந்த ஜாதிமல்லியை எடுத்து
என் சட்டைப்பையில் போட்டாள்,
ஏழாம் நம்பர் ஹெல்மெட்டை மாட்டினாள்.
கிளட்ச் எது, கியர் எது என்று
நான் பின்னாலிருந்து ஆரம்பித்தேன்.
பையன் குறுக்கே வந்தான்:
"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா.
கட்டை வெரல்ல இதத் தள்ளுங்க, போவும்.
விட்டா நிக்கும்."

கட்டைவிரல்!
பதினோரு வருடம் செக்கிங் டேபிளில்
நூல் வெட்டி நூல் வெட்டிக் காய்த்துப்போன விரல்.
ராத்திரியில் சுடுதண்ணீரில் விட்டு
அவள் மடக்கி நீட்டுகிற விரல்.
அதை வைத்தாள்.
தள்ளினாள்.

என் முதுகு பின்னால் போய்த் திரும்பி வந்தது.
காற்றாலை ஒன்று இடப்பக்கம் பாய்ந்து போயிற்று.
மெதுவா, மெதுவா என்று நான் கத்தியது
ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றியது.
நான் விழுந்த வளைவில்
அவள் விரலை ஒரு நூல் அளவு தளர்த்தி,
மறுபடி அழுத்தினாள்.
"கம்முனு உக்காருங்க."

தடம் இட்டேரிக்குள் நுழைகிற இடத்தில்
ஆடுகள்.
இரண்டு பக்கமும் வேலி, நடுவில்
ஒரு அறுபது எழுபது செம்மறி.
ஆட்டுக்காரர் போனில்
யாருக்கோ சீட்டுப் பணம் கேட்டுக்கொண்டிருந்தார்.
விரலை எடுத்தாள். நின்றது.
எஞ்சின் சூடு காலில் அடித்தது.
ஒரு கிடா வந்து முன் சக்கரத்தை முகர்ந்தது,
போனால் போகட்டும் என்று விட்டுவிட்டது.
ஹாரன் அடி என்றேன்.
"எதுக்கு? அதுகளுக்கு என்ன தெரியும், அறுநூறு ரூவாயா?"
ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்தபோது
பையன் போனைப் பார்த்துக்கொண்டே கை நீட்டினான்.
"டைம் முடிஞ்சுதுங்க."
அவள் இறங்கவில்லை.
"ஆடு நின்ன நேரத்தக் கழிச்சுக்கோங்க."
"அதுக்கு நாங்க என்னக்கா பண்ணறது?"
"எங்க கம்பெனிலயும் இதேதான் சொல்றாங்க.
கரண்ட் போனா, துணி வல்லீன்னா, உக்காந்திருப்போம்.
ஒத்தப் பைசா வராது.
இன்னைக்கு காசு குடுத்தது நானு.
நாலு நிமிசம். எம்மக வீடியோல இருக்குது, பாத்துக்கோங்க."

சுபிக்ஷா போனை நீட்டினாள்.
பையன் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.
"செரி, நாலு நிமிசங்க."

"நீங்க எறங்குங்க," என்றாள் என்னிடம்.
இறங்கினேன்.
புழுதி எழுந்து, ஏழாம் நம்பர் சிறுத்து,
வெள்வேல மரங்களுக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் போயிற்று.
பிரணேஷ் அம்மா அம்மா என்று குதித்தான்.

நாலாயிற்று.
ஐந்து, ஆறு.
பையன் என்னைப் பார்த்தான்.
சட்டைப்பையில் மல்லி கசங்காமல் பிடித்துக்கொண்டு
நான் ஊதியூர் மலையைப் பார்த்தேன்.