இரண்டு கைக்கும்

புன்டா அரேனாஸில் ஏப்ரல்.
நீரிணையில் காற்று ஏறிவிட்டது.
படகுத் துறையிலிருந்து நேரே வந்திருக்கிறார்
எலியோதோரோ,
கயிற்றின் ஈரம் காயாத கையோடு.
சட்டையைக் கழற்றச் சொன்னால்
முகத்தைச் சன்னலுக்குத் திருப்புகிறார்.

பத்தொன்பது வருடச் சர்க்கரை.
நாளுக்கு நான்கு முறை
தன் வயிற்றில் தானே குத்திக்கொள்கிற மனிதர்.
'அது என் ஊசி' என்கிறார்.
'இது உன்னுடையது.'

இடது கைக்கு ஃப்ளூ.
வலதுக்கு நிமோனியா.
போன குளிர்காலம் ஒரு சாதாரணக் காய்ச்சல்
இவர் சர்க்கரையை நானூற்று எழுபதுக்கு ஏற்றி
பதினோரு நாள் கிடத்திப் போட்டது.
நான் அதைச் சொல்லவில்லை.
கோப்பு மேசைமேல் திறந்து கிடந்தது.

விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாய்.
'குத்திப் பார்க்கும் பேனாவை
வேறு யாராவது தொடுவதுண்டா?'
'சமையல்காரன் நஸாரியோவுக்கும் சர்க்கரைதான்.
ஒரே பேனா.
மாத்தே குழலை மாற்றி மாற்றி உறிஞ்சுகிறோமே,
அது மாதிரி.'
நட்பைச் சொல்லும் குரலில் சொன்னார்.

அட்டையைத் திரும்ப வாங்கினேன்.
முதலில் ரத்தப் பரிசோதனை, இருவருக்கும்.
பிறகு ஹெபடைடிஸ் பி, தவணை தவணையாக.
ஒரு தேதி எழுதினேன். அடித்தேன்.
அன்று படகு அக்கரையில் நிற்குமாம்.

வாசல்வரை போனவர் நின்றார்.
'நஸாரியோ ஊசிக்குப் பயப்படுவான்.'
'நீங்கள்?'
இரு தோளிலும் பஞ்சு ஒட்டியிருக்க
பொத்தான்களைத் தப்புத் தப்பாய் மாட்டிக்கொண்டே
'எனக்கென்ன' என்றார்.
'வியாழக்கிழமை
அவனை இழுத்துக்கொண்டு வருகிறேன்.
பேனா ஒன்று கூடுதலாய் எடுத்து வை.'