நிற எண் பூஜ்யம்

கிளைபேதா துறைமுகத்தில் பனி மழையாகிக்கொண்டிருந்தது.
நாலாம் மாடியில் ஸ்கிர்மான்தே
ஜன்னலைச் சாத்த மறந்து
பதினோராயிரத்து நானூறு மின்னஞ்சல்களைப்
பிரித்துக்கொண்டிருந்தாள்.
மூழ்கிப்போன ஜுவேத்ரா படகின் கம்பெனி கொடுத்தவை.
விசாரணைக் குழுவுக்கு
உலாவியில் திறக்கிற பக்கங்களாக வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

உள்ளே போனால் கடிதத்தையே காணோம்.
நெளிந்த அடைப்புக்குறிக்குள் நெளிந்த அடைப்புக்குறி,
பின்னால் சாய்ந்த கோடுகள்.
இங்கே எழுத்து தடிக்கட்டும்,
இங்கே தடித்தது போதும்,
இங்கே பத்தி முடிந்தது,
இதைப் படிக்காதே, இனிமேல் படி.
இத்தனைக்கும் நடுவே
முள்ளில் ஒட்டிக்கொண்ட சதைபோல
‘டீசல் வந்து சேர்ந்தது.’

முதல் நாள் பூராவும் ஒரே எழுத்தோடு மல்லுக்கட்டு.
அவள் பெயரின் கடைசி எழுத்து அது,
தலையில் ஒற்றைப் புள்ளி வைத்தது.
திரையில் இரண்டு புள்ளியோடு வந்து நின்றது.
வேறு நாட்டின் எழுத்துப் பட்டியல்.
எண்ணை மாற்றினாள்:
ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு.
ஊரிலிருக்கும் பாதிப் பெண்களுக்கு
ஒரே நொடியில் ஒரு புள்ளி குறைந்தது.
அதற்காக எழுந்துபோய் ஒரு காபி.

‘நிறத்தையெல்லாம் விட்டுவிடேன்,’ என்றான்
பக்கத்து மேசை எர்னெஸ்தாஸ்.
‘அலங்காரம்தானே. நீதிபதிக்குக் கறுப்பு போதும்.’
விட்டுவிட்டாள்.
வேலை ஓட்டமாய் ஓடியது.

புதன்கிழமை மத்தியானம் ஒன்று கண்ணில் பட்டது.
அனுப்பியவர்: ரிம்விதாஸ், என்ஜின் பொறுப்பு.
மேலே ஒற்றைச் சொல், ‘பார்த்தேன்.’
அதற்குக் கீழே:

பம்பு மூன்றாம் தடவை நின்றுவிட்டது. மாற்றியாக வேண்டும்.
அடுத்த மாதம் பார்க்கலாம்.
மேல்காற்று ஏழு என்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?
போங்கள்.

வாய்விட்டுப் படித்தாள்.
தானே கேட்டு
தானே தனக்கு உத்தரவு கொடுத்து
தானே கடலுக்குப் போன ஆள்.
அப்படி ஒருவர் இருக்க முடியுமா என்று
பாதி பிஸ்கட்டோடு யோசித்தாள்.

மூலத்தைத் திறந்தாள்.
தலைப்பில் நிறப்பட்டியல். அதில் எண் ஒன்று:
சிவப்பு இருநூற்று ஐம்பத்தைந்து, பச்சை இல்லை, நீலம் இல்லை.
‘அடுத்த மாதம்’ எண் ஒன்று.
‘போங்கள்’ எண் ஒன்று.
அவற்றுக்கும் மேலே,
நேற்றே அவள் படித்துத் தாண்டிய வரி,
‘என் பதில்கள் கீழே சிவப்பில். வைதோதாஸ்.’
சிவப்பு என்ற சொல்லும்
அவள் பக்கத்தில் கறுப்பாகவே இருந்தது.

செம்மையான பிரதி என்று
கோப்புக்குப் பெயர் வைத்திருந்தாள்.
செம்மைதான் அதில் இல்லை.

இரண்டே வரி நிரல்:
சிவப்பு தொடங்கினால் ஒரு குறியைத் திற,
போனால் மூடு.
பதினோராயிரத்து நானூறையும்
முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள்.
எர்னெஸ்தாஸ் விளக்கை அணைக்காமல் போனான்.

ரிம்விதாஸின் எண் பூஜ்யம்.
பட்டியலில் அந்த இடம் காலி,
ஒரு அரைப்புள்ளி மட்டும்.
நிறம் சொல்லாதவன்
திரை தருகிற நிறத்தில் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.
அவருக்கும் ஒன்று கொடுக்கலாமா,
கருநீலம் மாதிரி?
விரல் விசைப்பலகையில் கொஞ்ச நேரம் நின்றது.
தன் கையில் இல்லாததைக் கொடுக்கக்கூடாது என்று
எடுத்துவிட்டாள்.

கடைசி அஞ்சலில் சிவப்பே இல்லை.
காலை ஐந்து பத்து.
‘கிளம்புகிறோம். பம்பு ஓடுகிறது, இப்போதைக்கு.’
‘இப்போதைக்கு’ தடித்த எழுத்து.
தடிப்பை நிறுத்த மறந்திருக்கிறார்.
அதற்குப் பின் வந்த அவர் பெயர்,
கைபேசி எண்,
கம்பெனி முகவரி,
‘காகிதத்தைச் சேமியுங்கள், அச்சிட வேண்டாம்’,
எல்லாமே தடித்துக் கிடந்தன.

பிழை திருத்தும் கருவி கேட்டது:
திறந்த குறி மூடப்படவில்லை, எங்கே மூட?

பக்கத்தின் கடைசி வரிக்குப் போனாள்.
அங்கே மூடினாள்.