பதினெட்டாயிரம்

ஆறாம் கேள்வி.
ஒரு பெட்டி, ஒரு கயிறு.
தரைக்கு அறுபது பாகை சாய்வில் நூறு நியூட்டன்.
எட்டு மீட்டர் இழுக்கிறார்கள், யாரென்று சொல்லவில்லை.
செய்யப்பட்ட வேலை எவ்வளவு?

எண்ணூறு என்று எழுதினேன்.
புத்தகத்தின் கடைசிப் பக்கம் நானூறு என்றது.
அழித்துப் போட்டேன். மறுபடி எண்ணூறு.
மூன்றாம் தடவைதான் கொசைன் ஞாபகம் வந்தது,
பேர் கூப்பிட்டு முடித்தபின்
‘இருக்கேன்’ என்கிற கடைசி வரிசைப் பையன் மாதிரி.

சிக்கு நோராய்னி இதைக் கெர்ஜா என்பார்.
நான் ஓரத்தில் வேலை என்று எழுதிக்கொள்வேன்.
வேலை என்றால் எங்கள் பக்கம்
ஐந்தரை மணிப் பெரட்டு, நீளக் கத்தி,
டன்னுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு.
இதில் அதெல்லாம் இல்லை. ஜூல் மட்டும்.

‘உராய்வற்ற தளம் எனக் கொள்க’
என்கிறது ஏழாம் கேள்வி.
பஹாவில் அப்படி ஓர் இடம் உண்டென்றால்
எண்ணெய் ஆலையின் கழுவாத தரைதான்.
அங்கே யாரும் பெட்டி இழுப்பதில்லை.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிளினிக் போகிறார்கள்.

திரும்ப ஆறுக்கே வந்தேன்.
இழுத்தது நூறு.
முன்னால் போனது ஐம்பது.
மேல்நோக்கி எண்பத்தாறு சொச்சம்.
பெட்டி மேலே எழவில்லை,
ஆகவே அதற்குப் பூஜ்யம்.
எண்பத்தாறு சொச்சத்துக்குப் பூஜ்யம்!

இன்று சாயங்காலம்
மூன்றாங்கட்டைக் கோயில் தாண்டியதும்
தர்வினின் மோட்டார் பின்சக்கரம் படுத்துவிட்டது.
கேரியரில் புது கேஸ் தோங்.
லியூ பட்டறை ஆறு மணிக்குச் சாத்திவிடும்.
அவன் கைப்பிடியில் சாய்ந்து தள்ளினான்.
நான் பின்னால் கேரியரைத் தூக்கிப் பிடித்து
நண்டு மாதிரி நடந்தேன்.
லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள்
செருப்புக்கடியில் நசுங்கின.

பட்டறை வாசலில் சட்டையைப் பிழிந்தபடி சொன்னான்:
“நீ எங்கக்கா தள்ளுன?
சும்மா பிடிச்சிக்கிட்டுத்தானே வந்த.”
லியூவுக்குத் தமிழ் தெரியும். சிரித்தார்.
எனக்கு விரல் மடங்கவில்லை.

அப்போது வாயில் வராத பதில்
இப்போது நோட்டின் பின்னட்டையில் வருகிறது.
மோட்டாரும் தோங்கும் நூற்றிருபது கிலோ.
எடை ஆயிரத்து இருநூறு நியூட்டன்.
நான் தாங்கியது நூறு இருக்கும்,
பத்துக் கிலோ அரிசிப் பை தூக்கும் கைக்குத் தெரியும்.
உராய்வுக் கெழு பத்தில் ஒன்று.
இது ஊகம். காற்றுப் போன டயருக்கு
எந்த அட்டவணையிலும் எண் இல்லை.
அவன் தள்ள வேண்டியிருந்தது நூற்றிருபது.
தள்ளியது நூற்றுப்பத்து.
ஒவ்வோர் அடியிலும் பத்து நியூட்டன் குறைவு,
ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு.

என் வேலை பூஜ்யம்.
தர்வின் சொன்னது சரி, விதியும் அவன் பக்கம்.
ஆனால் பதினெட்டாயிரம் ஜூல்
அவன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.
யாரும் செய்யாமலே அது முடிந்துபோயிருக்கிறது.
இதற்கு என்ன பெயர் என்று
சொல்லடைவில் தேடினேன். இல்லை.

பாலத்து மேட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
அங்கே கொஞ்சம் தள்ளவும் செய்தேன்.
அவனுக்குத் தெரியாது.
தெரிய வேண்டாம்.

அடுப்படியில் புது தோங் சீறுகிறது.
நெத்திலி பொரிகிற வாசம்.
“வேலை முடிஞ்சிருச்சா?” என்கிறாள் அம்மா.

ஆறுக்கு நானூறு என்றே எழுதினேன்,
பக்கத்தில் மறக்காமல் ஜூல்.
அலகு இல்லாவிட்டால் மதிப்பெண் போகும்.
ஏழு பாக்கி.
அது உராய்வற்ற தளம்.
அங்கே நான் தூக்கிப் பிடித்தாலும் ஒன்றுதான்,
கையை விட்டாலும் ஒன்றுதான்.