மூன்று நிமிடம்

லாபிஸ் பட்டணத்தில் எனக்கு
நாற்பத்தொரு விளக்குகள் இருந்தன.

ஆலை எடைமேடையில் ஒன்று, கிளினிக் சுவரில் ஒன்று,
மாரியம்மன் கோயில் வளைவில்,
ஆ கியாவ் டயர் கடையில்,
சுராவ் பக்கத்து பஸ் நிழற்குடையில்.
வெறுங்கண்ணுக்குத் தெரியாது,
கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் எரியும்.
போய் நின்றால்தான் ஏற்ற முடியும்.
எண்ணெய், திரி எல்லாமே கால்தான்.

ஒவ்வொரு விளக்கின் கீழும்
ஊருக்கே தெரிய எழுதியிருக்கும்:
ஏற்றியவர் செம்பருத்தி, காலை 5.52.
எனக்கு அது பெருமையாக இருந்தது.
ஆய்வுக்கூடத்தில் செம்பனை எண்ணெயின் புளிப்பை அளந்து
தாளில் நான் போடும் கையெழுத்தை
யாரும் படித்ததில்லை.

மாசியில் ஆறாம்விரல் என்றொருவன் வந்தான்.
நான் ஏற்றுவேன், அவன் அணைப்பான்.
அதில் தப்பில்லை, ஆட்டம் அப்படித்தான்.
ஆனால் மூன்று நிமிடம்,
எப்போதும் மூன்றே நிமிடம்.
5.52க்கு நான், 5.55க்கு அவன்.

கோயிலை விட்டுச் சுற்றிப் போன அன்று
பரிசு வந்தது, ஒரு சொட்டு எண்ணெய்.
கூடவே ஒரு வரி:
இன்னிக்கு ஏன் இந்தப் பக்கம்?

படுத்தபடியே எட்டுகிற விளக்கும் ஒன்று உண்டு,
வரிசை வீட்டுப் பின்பக்க மின்கம்பத்தில்.
இரவு 11.40 நான்.
11.43.
சுவருக்கு அந்தப்பக்கம்
ஒரு மோட்டாரின் இரும்பு சூடாறிக்கொண்டிருந்தது,
டிக், டிக்.

காவல் நிலையத்தில் கேட்டார்கள்:
அடித்தானா? இல்லை.
மிரட்டினானா? இல்லை.
பிறகு என்னதான் செய்தான்?
விளக்கை அணைத்தான் என்றேன்.
பேனா நின்றுவிட்டது.

கேமை அழித்துவிடு என்றாள் லோஷினி.
அழித்தால் விளக்குதான் போகும்,
என் ஷிப்டு அவனுக்கு மனப்பாடம்.

அதனால் வெள்ளிக்கிழமை இரவு
என் கைப்பேசியை
பாசிர் கூடாங் போகும் எண்ணெய் டாங்கரில் ஏற்றிவிட்டேன்.
ஓட்டுவது குணாளன், பக்கத்தில் உதவியாள் யுகேஷ்.
ரொம்ப வேகமாகப் போகிறீர்கள், நீங்கள் ஓட்டுநரா?
என்று கேட்டதாம் கேம்.
இல்லை, பயணி என்று அழுத்தினானாம் யுகேஷ்.
அன்று செம்பருத்தி சொன்னதில்
அது ஒன்றுதான் நிஜம்.

சாஆ 8.31. அணைந்தது 8.34.
யோங் பெங் 9.05. அணைந்தது 9.08.
லோஷினியின் திரையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எனக்குத் தொண்டை வறண்டது.
பிறகு எழுந்து
தனியாகக் கடைத்தெருவுக்கு நடந்தேன்,
ஐஸ் கச்சாங் வாங்கித் தின்றேன்.
நான் நின்ற எந்த இடத்திலும்
என் பேர் விழவில்லை.

ஆயர் ஹீத்தாமில்
எண்ணெய் நிலையத்து ஓரமாக லாரியை நிறுத்தி
யுகேஷ் இறங்கி விளக்கேற்றினான்,
மூத்திரம் போகிறவன்போல் இருட்டில் நின்றான்.
இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் வெளிச்சம் தெரிந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லையாம்,
கைப்பேசியை மட்டும் தூக்கிப் பிடித்தானாம்,
லாரியைச் சுற்றி ஒருத்தியைத் தேடினானாம்.

மறுநாள் விடியலில் யுகேஷ் உள்ளங்கையை விரித்தான்.
பால்பாயிண்ட் மை, வியர்வையில் பாதி கரைந்தது.
7106.

அந்த எண் என் மோட்டாருக்குப் பக்கத்தில்தான்
தினமும் நிற்கும்.
போன வருசம் என் டயரில் காற்று இறங்கியபோது
பம்பு தந்த மோட்டார்.
தங்கச்சி, பார்த்துப் போ என்றும் சொன்னது.

ஆறு மணிக்குப் பிரட்டு.
பேர் கூப்பிட்டு முடிந்ததும் கையைத் தூக்கினேன்.
ஒன்று விட்டுப்போச்சு என்றேன்.
நான்கு இலக்கத்தையும்
நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்,
ஆயர் ஹீத்தாம், 9.33 என்றும் சேர்த்து.

ஸ்டோர் கிராணி கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
பொத்தானைப் போட்டார்.
கழற்றி மறுபடி போட்டார்.

மத்தியானம் காவல் நிலையத்துக்குப் போகிறேன்.
யுகேஷும் வருகிறான்,
இன்னும் கையைக் கழுவாமல்.